மாக்கட்டி மாத்திரையான கதை

ஒலுவிலிலிருந்து அம்பாறை நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரியமாகவே போவார்கள். கச்சேரியில் ஒரு கையொப்பம், பெரியாஸ்பத்திரியில் ஒரு கிளினிக், காணிக் கந்தோரில் முடியாத ஒரு வழக்கு. கடலோரத்தில் தமிழ் பேசும் ஊர்கள், வயல்வெளிகளைக் கடந்து உள்ளே போனால் சிங்களம் பேசும் நகரம். மாவட்டத்தின் நிர்வாகம் முழுவதும் அந்த நகரத்தில்தான் இருக்கிறது. ஆகவே காலையில் பஸ் ஏறி, மதியம்வரை வரிசையில் நின்று, பசியோடு தெரிந்தவர் கடையொன்றைத் தேடுவது எங்கள் பகுதி மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. நிருபராக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் அலைந்திருக்கிறேன்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அந்த நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் நடந்ததை இலங்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட வந்த ஒருவர் தம் கறியில் வெண்ணிறக் கட்டியொன்றைக் கண்டார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர் தமிழ் பேசுபவர். சிங்களம் அவருக்குச் சரளமாக வராது. சூழ்ந்து நின்றவர்கள் மிரட்டிக் கேட்டபோது, கறியில் கிடக்கும் மாவைப்பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி, போடுவோம் என்ற பொருள்படத் தடுமாறி ஏதோ சொன்னார். அந்தத் தடுமாற்றத்தைக் கைத்தொலைபேசி ஒன்று பதிவுசெய்தது. பதிவு முகநூலில் ஏறியது. கடை நொறுக்கப்பட்டது. அருகிலிருந்த பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன.

பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்து, அது மாப்பொருள் என்று அறிவித்தது. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை என்று ஒன்று உலகில் இல்லை என மருத்துவர்களும் விளக்கினார்கள். ஆனால் அறிக்கை வெளியாகுமுன்பே கதை மலைநாட்டுக்குப் போய்விட்டது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள் என்ற பச்சைப் பொய்யும் அதனோடு சேர்ந்து பயணம் செய்தது.

இந்தச் சம்பவத்தைப்பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள், எல்லாம் இந்த முகநூல் செய்த வேலை என்று முடித்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு எளிதில் முடிக்க விரும்பவில்லை. ஏனெனில் இந்தக் கதையை நான் இதற்குமுன்பும் கேட்டிருக்கிறேன், அதுவும் இதே மண்ணில்.

1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த அதே மாதத்தில், கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழருக்கெதிரான வன்முறை மூண்டது. அம்பாறை அப்போது தனி மாவட்டமல்ல, மட்டக்களப்பின் ஒரு பகுதி. 1961இல்தான் பிரிந்தது. அன்று பரவிய வதந்தி என்ன தெரியுமா? சிங்களச் சிறுமியொருத்தியைத் தமிழர் கெடுத்து, மட்டக்களப்பு வீதியில் நிர்வாணமாக நடக்கவிட்டார்கள் என்பது. அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958 கலவரத்தின்போது பாணந்துறையில் வேறொரு கதை. மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரின் மார்பை அறுத்துக் கொன்றுவிட்டார்கள், உடல் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கல்வியமைச்சு பதிவேடுகளைப் பார்த்தபோது மட்டக்களப்பில் அப்படியொரு பாணந்துறை ஆசிரியையே இருக்கவில்லை. அதற்குள் பாணந்துறைக் கோயில் ஐயர் உயிரோடு எரிக்கப்பட்டிருந்தார். இதை எழுதிவைத்தவர் டார்சி வித்தாச்சி என்ற சிங்களப் பத்திரிகையாசிரியர். அவசரகாலத் தணிக்கை நிலவிய நாட்களைப் பற்றிய அவருடைய நூல் 1958இல் லண்டனில் வெளியாயிற்று. எங்கள் தொழிலில் நான் தலைவணங்கும் பெயர்களில் அது ஒன்று.

பெண்ணின் உடல், பிள்ளைப்பேறு, இனத்தின் பெருக்கம். 1956இலும் 1958இலும் 2018இலும் கதையின் கரு இந்த மூன்றைச் சுற்றித்தான். கதையை இயற்றுவதற்கு எவருக்கும் இணையம் தேவைப்படவில்லை. 1915இல் கண்டியில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்புக் கலவரம்கூட ரயில்பாதை போன வழியே ஊர் ஊராகப் பரவியது. அந்தக் காலத்தின் வேகமான வாகனத்தில் வதந்தியும் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

எனினும் ஒன்று மாறியிருக்கிறது. அதை என் சொந்தத் தவறொன்றைக் கொண்டே விளக்க முடியும்.

எண்பதுகளில் நான் நிருபராகச் சேர்ந்தபோது செய்தியை வெள்ளைத் தாளில் எழுதி, கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். அவசரமென்றால் கல்முனைத் தபாற்கந்தோரில் தொலைபேசிக்குக் காத்திருந்து, வரி வரியாக வாசித்துக் காட்டுவோம். மறுமுனையில் இருக்கும் உதவியாசிரியர் எதற்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "யார் சொன்னது?" ஊர் சொல்கிறது என்றால் தொலைபேசியை வைத்துவிடுவார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. அவரைப் போன்றவர்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகு, 2011 ஓகஸ்டில், நோன்பு காலத்தில், எங்கள் கரையோரமெங்கும் கிறீஸ் பூதம் என்ற மர்ம மனிதன் பற்றிய பீதி பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்றார்கள். ஆண்கள் தராவீஹ் தொழுகைக்குப் போன வீடுகளில் பெண்கள் விளக்கை அணைக்காமல் விழித்திருந்தார்கள். ஒவ்வொரு நிமிடமும் எவராவது கைத்தொலைபேசியில் அழைத்து, இப்போது பாலமுனையில், இப்போது நிந்தவூரில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் 'மர்ம மனிதன் நடமாட்டம்' என்று செய்தி அனுப்பினேன். அது அச்சாயிற்று. மறுநாள் தேநீர்க்கடையில் ஒருவர் அதே பத்திரிகையை விரித்து, "பாருங்க, பேப்பரிலேயே வந்திருக்கு" என்று எனக்கே காட்டினார்! ஊர் எனக்குச் சொன்னதை நான் ஊருக்குத் திருப்பிச் சொன்னேன். அது ஆதாரமாகிவிட்டது. அந்த ஓகஸ்டில் பீதியும் ஆத்திரமும் பொலிஸாருடனான மோதல்களாக மாறி, பொத்துவிலிலும் புத்தளத்திலும் உயிர்கள் பறிபோயின.

ஆக, சமூக ஊடகம் பறித்துக்கொண்டது உண்மையை அல்ல, அந்த உதவியாசிரியரின் கேள்விக்குரிய நேரத்தை. ஆனால் அந்த நேரம் கையிலிருந்தபோது பத்திரிகைகளாகிய நாங்கள் அதை எப்பொழுதும் நேர்மையாகப் பயன்படுத்தினோமா? 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கம பற்றியெரிந்தபோது பெரும் ஊடகங்களில் பெரும்பாலானவை வாய்மூடி இருந்தன. அன்றிரவு அங்கு நடந்ததை உலகுக்குச் சொன்னவை முகநூலும் ட்விட்டரும்தாம். அந்த இரவில் ஒலுவிலில் இருந்த நான், ஒரு மூத்த பத்திரிகையாளன், என் தொழில்மீது நம்பிக்கையிழந்து மருமகனின் தொலைபேசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஆண்டு மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், இலங்கையின் முகநூல் பக்கங்களில் வெறுப்புப் பேச்சு எப்படி வளர்கிறது என்று விரிவான ஆய்வொன்றை வெளியிட்டது. எச்சரிக்கை அப்போதே கொடுக்கப்பட்டுவிட்டது.

2018 மார்ச்சில் அது பலித்தது. தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மரணமானதும், அம்பாறைக் கதையால் ஏற்கனவே சூடேறியிருந்த கண்டி மாவட்டம் வெடித்தது. திகனையில் எரிந்த வீட்டுக்குள் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை, மறுநாள் முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் தடை. தடை முழுமையாக நீங்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அதே வாரத்தில்தான், மியன்மார் பற்றி ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் குழுவினர், ரோஹிங்கியாக்களுக்கெதிரான வெறுப்பைப் பரப்பியதில் சமூக ஊடகத்துக்குத் தீர்மானகரமான பங்கு உண்டு என்று சொன்னார்கள். இலங்கையில் பல ஆண்டுகளாகச் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து உருப்படியான பதில் கிடைக்கவில்லை. சிங்களம் தெரிந்த கண்காணிப்பாளர்கள் போதிய அளவில் இல்லை. முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள்!

நிறுவனங்களையும் முகநூலையும் மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவோருக்கு 2019 மே மாதத்தை நினைவூட்ட வேண்டும். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்பு, நாடே அச்சத்தில் உறைந்திருந்தபோது, குருநாகல் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற செய்தியை முன்பக்கத்தில் போட்டது முகநூல் அல்ல. 'திவயின' என்ற அச்சுப் பத்திரிகை. வைத்தியர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் ஆதாரம் அகப்படவில்லை. ஜூலையில் பிணை கிடைத்தது. 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் வழங்கப்பட்டபோது, மருந்துத் தட்டுப்பாட்டில் நாடு தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொகையை அவர் மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். முன்பக்கச் செய்தியை வாசித்தவர்களில் எத்தனை பேர் இதை வாசித்திருப்பார்கள்?

எங்கள் சமூகத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். சஹ்ரான் ஹாசிமின் நஞ்சு தோய்ந்த உரைகள் தமிழில்தான் இணையத்தில் உலவின. அவற்றைப் பார்த்தவர்களும் பகிர்ந்தவர்களும் எங்களுள் இருந்தார்கள். ஆபத்தை உணர்ந்து முன்கூட்டியே அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் எங்களுள் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்கள் அகப்பட்டதும் ஊர்மக்கள் சந்தேகித்துத் தகவல் கொடுத்ததால்தான். முகநூலில் கோஷமிட்டவர்களை நாடு அறியும். அந்தத் தகவலைக் கொடுத்தவர்களை அறியாது.

எதிர்காலம் பற்றிக் கேட்கிறார்கள். 2024 ஜனவரி 24இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. வெறுப்பைத் தடுக்கவே சட்டம் என்றார்கள். இருந்த சட்டங்களைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று சிங்களத்தில் முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலரைப் பிடித்து ஐந்து மாதங்களுக்கு மேல் அடைத்துவைத்தார்கள். கருத்தியல் ஜிஹாத் என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே குற்றமாயிற்று. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 ஆயிற்று. வெறுப்பை எழுதியவனைவிட வெறுப்பை மறுத்தவனைப் பிடிப்பது எளிது, ஏனென்றால் அவன் சொந்தப் பெயரில் எழுதுகிறான்.

மறுபக்கம், மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுயாதீன உண்மை சரிபார்ப்பாளர்களைக் கைவிடுவதாக அறிவித்தது. இயந்திரத்தால் ஒருவர் குரலை அப்படியே உருவாக்கும் காலமும் வந்துவிட்டது. அம்பாறைக் கடைக்காரர் தடுமாறியேனும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. இனி ஒருவரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சம்பவம் நடந்து சில வாரங்களில், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த சிங்கள மாணவர் ஒருவரைத் தேநீர்க்கடையில் சந்தித்தேன். பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்பது வெளியூரில் பலருக்குத் தெரியாது. எங்கள் மாணவர்களோடு பழகி அவர் ஓரளவு தமிழ் பேசுவார். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம்தான். அந்தக் காணொளியை அவரிடம் காட்டி, கடைக்காரர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். காதருகே வைத்து மூன்றுமுறை கேட்டார். "இவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஐயா. போடுவோமா என்று திருப்பிக் கேட்பதுபோல்தான் எனக்குக் கேட்கிறது" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, தம் அம்மாவும் இதே காணொளியை வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒலுவில் கடைகளில் இனிச் சாப்பிடாதே என்று எழுதியிருந்ததாகச் சொன்னார். அம்மாவுக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஒன்றும் எழுதவில்லை" என்றார். "போன் எடுத்துப் பேசினேன். ஒரு மணித்தியாலம் பேச வேண்டியிருந்தது."

இரண்டாவது பிளேன்டீக்கும் அவரே காசு கொடுத்தார்.