கர்ப்பப்பை வாய் புற்றுநோயும் ஆர்.என்.ஏ. மெத்திலேஷனும்: ‘எம்6ஏ ஸ்கோர்’ எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

77 பெண்கள். எல்லோருக்கும் பரவிய அல்லது திரும்பி வந்த கர்ப்பப்பை வாய் புற்றுநோய். கீமோதெரபி கொடுத்தும் நோய் அடங்கவில்லை. அடுத்ததாக அவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து கொடுக்கப்பட்டது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 11 பேருக்கு. 2018 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தப் புற்றுநோய்க்கு அந்த மருந்தை அனுமதித்தது இந்த முடிவை வைத்துத்தான்.

வேறு வழி அதிகம் இல்லாத கட்டத்தில் 11 பேர் என்பதே பெரிய விஷயம். ஆனால் மீதி 66 பேருக்கு ஏன் வேலை செய்யவில்லை? யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

இந்தக் கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு பதில், ஆர்.என்.ஏ. மெத்திலேஷன். நோயாளியின் ‘எம்6ஏ ஸ்கோரை’ப் பார்த்தே சிகிச்சை பலன் தருமா என்று கணிக்கலாம் என ஆய்வுக் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆர்.என்.ஏ. மெத்திலேஷன் என்றால் என்ன?

கோவிட் தடுப்பூசி நாட்களில் ‘எம்.ஆர்.என்.ஏ.’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். டி.என்.ஏ. மூல ஆவணம் என்றால், எம்.ஆர்.என்.ஏ. அதிலிருந்து எடுத்த நகல். அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதங்களைத் தயாரிக்கிறது.

இந்த நகலின் சில எழுத்துகள் மேல் செல் சின்னச் சின்னக் குறிகளை ஒட்டுகிறது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில்தான் அந்தக் குறி. ஆபீஸ் ஃபைலில் ஒட்டும் ஸ்டிக்கி நோட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் எழுதியிருப்பது மாறாது. ஆனால் ‘இதை உடனே முடி’, ‘இதைத் தூக்கிப் போடு’ என்ற உத்தரவு மாறிவிடும்.

எம்.ஆர்.என்.ஏ.வின் உட்பகுதியில் அதிகம் காணப்படும் குறியின் பெயர் எம்6ஏ. 1974-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எஃப்.டி.ஓ. என்ற புரதம் இந்தக் குறியை அழிக்கும் என்று 2011-ல் தெரிந்த பிறகுதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஒட்டவும் முடியும், எடுக்கவும் முடியும் என்றால், செல் இதை ஒரு கட்டுப்பாட்டு ஸ்விட்ச்சாகப் பயன்படுத்துகிறது என்றுதானே அர்த்தம்?

இந்த வேலையில் மூன்று குழுக்கள் இருக்கின்றன. மெட்டில்-3, மெட்டில்-14 போன்றவை குறியை எழுதுபவை. எஃப்.டி.ஓ., ஆல்க்பி.எச்-5 இரண்டும் அழிப்பவை. ஒய்.டி.எச்.டி.எஃப்-1 போன்றவை குறியைப் படித்து, அதன்படி காரியம் செய்பவை.

இந்தப் புற்றுநோயில் இது எங்கே வருகிறது?

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரங்களிலும் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். வைரஸின் இ-6, இ-7 என்ற இரண்டு புரதங்கள், செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் நம் உடலின் ‘பிரேக்’ புரதங்களை முடக்கிவிடுகின்றன.

இ-7 புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ.விலும் எம்6ஏ குறி இருக்கிறது. நம் செல்லில் உள்ள ஐ.ஜி.எஃப்-2 பி.பி-1 என்ற ‘படிக்கும்’ புரதம் அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு, அந்த நகல் சிதையாமல் காப்பாற்றுகிறது. வெப்பம் கொடுத்தால் இந்தப் புரதம் செயலிழந்து, இ-7 நகலும் சிதைகிறது என்று 2022-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. அதாவது, வைரஸ் நம் செல்லின் குறியீட்டு முறையையே தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

நோய் எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வைரஸால் வரும் புற்றுநோய் என்பதால், நோய் எதிர்ப்பு செல்களுக்கு இது எளிதில் அடையாளம் தெரியும் எதிரியாக இருக்க வேண்டும். ஆனால் எச்.பி.வி. ஒளிந்துகொள்வதில் கில்லாடி. செல்லின் மேற்பரப்பில் ‘உள்ளே வைரஸ் இருக்கிறது’ என்று காட்டும் புரதங்களை அதன் இ-5 குறைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் அபாய மணியை இ-7 தடுக்கிறது.

எம்6ஏ இதில் இன்னொரு அடுக்கு. 2019-ல் எலிகளிடம் செய்த ஒரு முக்கியமான ஆய்வைப் பார்க்கலாம். டென்ட்ரைட்டிக் செல்கள் கட்டியின் துண்டுகளை எடுத்து, ‘இதுதான் எதிரி’ என்று டி செல்களுக்குக் காட்டுபவை. இவற்றில் ஒய்.டி.எச்.டி.எஃப்-1 இருந்தால், அந்தத் துண்டுகளை அரைத்துவிடும் என்சைம்கள் அதிகம் உருவாகின்றன. காட்டுவதற்கு முன்பே ஆதாரம் அழிந்துவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் டி செல்கள் கட்டியை வலுவாகத் தாக்கின. இம்யூனோதெரபியும் கூடுதலாக வேலை செய்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எலிகளுக்கு இருந்தது கர்ப்பப்பை வாய் புற்றுநோய் அல்ல, வேறு வகைக் கட்டிகள். எஃப்.டி.ஓ.வைக் குறைத்தால் இம்யூனோதெரபிக்குப் பலன் கூடும் என்று காட்டிய ஆய்வும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நடந்ததுதான்.

‘எம்6ஏ ஸ்கோர்’: டேட்டா எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் சிக்கல். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான எம்6ஏ ஸ்கோர் கட்டுரைகளில் பெரும்பாலானவை பயன்படுத்துவது டி.சி.ஜி.ஏ. என்ற ஒரே பொது டேட்டாபேஸை. அமெரிக்க அரசின் திட்டமான அதில் இந்தப் புற்றுநோய்க்கு இருப்பது சுமார் 300 நோயாளிகளின் டேட்டா. மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரைகளைப் படிப்பது நல்லது.

முதலாவது, இந்த ஸ்கோர் எம்6ஏ குறிகளை நேரடியாக எண்ணுவதில்லை. எழுதும், அழிக்கும், படிக்கும் மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு ஆபீஸில் எத்தனை பேனா வாங்கினார்கள் என்று பார்த்து, எத்தனை கடிதம் எழுதினார்கள் என்று சொல்வது போல. தொடர்பு இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, கட்டிக்குள் எத்தனை டி செல்கள் இருந்தன என்பதும் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பில் எண்ணியதல்ல. மொத்த ஆர்.என்.ஏ. டேட்டாவிலிருந்து மென்பொருள் போட்ட மதிப்பீடு. ஒரு மதிப்பீட்டை இன்னொரு மதிப்பீட்டோடு ஒப்பிட்டுத்தான் ‘தொடர்பு இருக்கிறது’ என்கிறார்கள்.

மூன்றாவது, ஒரே 300 பேரின் டேட்டாவில் பல குழுக்கள் தனித்தனியாக ஸ்கோர் உருவாக்கினால், ஏதாவது ஒரு மரபணுப் பட்டியல் நன்றாகக் கணிப்பதாகத் தெரியத்தான் செய்யும். அது புதிய நோயாளிகளிடமும் பலிக்கிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை.

ஆய்வகத்திலிருந்து வரும் முடிவுகளும் ஒரே திசையில் இல்லை. கர்ப்பப்பை வாய் கட்டிகளில் எம்6ஏ அளவு குறைந்திருக்கிறது என்றது 2017-ல் வந்த ஒரு ஆய்வு. குறியை எழுதும் மெட்டில்-3 இதே கட்டிகளில் அதிகமாக இருந்து, புற்றுநோய் வளர உதவுகிறது என்றது 2020-ல் வந்த இன்னொன்று. இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த நகலில், எந்த இடத்தில் குறி இருக்கிறது என்பதுதான் முக்கியம், மொத்த எண்ணிக்கை அல்ல. ஆனால் ஒற்றை எண்ணாக வரும் ஸ்கோரில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அப்படியானால் மருந்து?

மெட்டில்-3 புரதத்தைத் தடுக்கும் எஸ்.டி.சி-15 என்ற மாத்திரையின் முதல் கட்ட மனிதச் சோதனை 2022-ல் தொடங்கியது. பாதுகாப்பானதா, எவ்வளவு டோஸ் தரலாம் என்று பார்ப்பதுதான் முதல் கட்டச் சோதனையின் முக்கிய வேலை.

இன்று மருத்துவமனையில் பயன்படும் அளவுகோல் வேறு. இம்யூனோதெரபி தரலாமா என்று முடிவெடுக்க, கட்டியில் பி.டி.எல்-1 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது இருந்த நோயாளிகளிடம், கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 53 சதவீதம். கீமோ தரப்பில் அது 41.7 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பி.டி.எல்-1 இருந்தும் பலன் கிடைக்காதவர்கள் நிறைய. இதைவிடத் துல்லியமான அளவுகோல் தேவை என்பதால்தான் எம்6ஏ ஆராய்ச்சி முக்கியமாகிறது.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022 மதிப்பீட்டின்படி, உலகில் அந்த ஆண்டு சுமார் 6.6 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. அதில் சுமார் 1.27 லட்சம் பேர் இந்தியாவில். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இங்கே இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம். ஆனால் ஸ்கோர்கள் உருவாகும் டேட்டாபேஸ் இந்தியப் பெண்களை மனதில் வைத்துத் திரட்டப்பட்டதல்ல. இங்குள்ள நோயாளிகளிடம் சோதிக்காமல், எந்த ஸ்கோரையும் இங்கே சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்துவது சரியாக இருக்காது.

தடுப்பு விஷயத்தில் நிலைமை நேரெதிர். இந்திய மண்ணிலேயே கிடைத்த உறுதியான ஆதாரம் கையில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை செய்யப்பட்டது. புற்றுநோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சுமார் 1.31 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. டெஸ்ட் செய்த குழுவில் மரணம் ஏறக்குறையப் பாதியானது. அந்த முடிவு வந்தது 2009-ல்.

இவ்வளவு தெரிந்தும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். தேசிய சராசரியைவிட ஐந்து மடங்கு என்றாலும், பத்தில் ஒருவர்கூட இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைக்கும் வயது அதுதான். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் தடுப்பூசியும் இருக்கிறது. 30 வயதைத் தாண்டிய பெண்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் எச்.பி.வி. டெஸ்ட் செய்துகொள்ளலாம். அம்மா, அக்கா, அத்தை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

குடும்பத்தில் யாராவது சிகிச்சையில் இருந்தால், டாக்டரிடம் கேட்க வேண்டியது பி.டி.எல்-1 ரிப்போர்ட் பற்றி. ‘எம்6ஏ டெஸ்ட்’ என்று யாராவது காசு கேட்டால், அதை வைத்துச் சிகிச்சையில் எந்த முடிவு மாறும் என்று கேளுங்கள். இன்றைய நிலையில், எதுவும் மாறாது.