வேடியப்பன் கையில் வில் எதற்கு?



'மனிதனின் உள்ளுணர்வை எழுப்பியது கலையா, ஆன்மிகமா?' என்று தலைப்பைக் கொடுத்து என்னைக் கலை அணியிலே உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டி, "பக்தி இல்லாவிட்டால் இந்த விமானம் ஏது?" என்று கேட்டாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அது ராசராசன் 1010-இல் கட்டி முடித்த கோயில். நான் அதற்கும் சில நூறு ஆண்டுகள் முன்னால் போகப் போகிறேன். விமானமே இல்லாத சாமி, பல ஊர்களில் கூரைகூட இல்லாத சாமி. அவரைப் பார்க்கத் தருமபுரிக்கு வரணும்.

தருமபுரி மாவட்டத்திலே ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வேடியப்பனாவது கிடைப்பான். (சிரிப்பு) வேடியப்பன் அந்தச் சீமையின் குலசாமி. பொங்கல் வைப்பாங்க, சேவல் அறுப்பாங்க. கிட்டே போய்ப் பாருங்க. பல ஊர்களில் அந்தச் சாமி ஒரு பலகைக்கல். அதிலே ஒரு மனுஷன். இடது கையிலே வில், வலது கையிலே வாள், சில கல்லிலே உடம்பிலே அம்பு பாய்ஞ்சிருக்கு. சாமிக்கு யாருங்க அம்பு விட்டது?

அது நடுகல். ஊர் மாட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போகும்போது துரத்திப் போய் மீட்டு, அந்தச் சண்டையிலே செத்தவனுக்கு நட்ட கல். மானாவாரி பூமி, மாடுதான் அங்கே சொத்து. மாட்டு மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் 'தொறு' என்று பெயர். இன்னார் மகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்திலே இரண்டு மூன்று வரி. 'பட்டான்' என்றால் இறந்தான். பல்லவர் காலத்துக் கற்களே அங்கே நிறைய. தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்திலே வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பக்கத்திலே செங்கம் வட்டாரம், எடுத்தனூர். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளுக்காக உயிர் விட்டிருக்கிறான். அவன் பின்னாலே ஒரு நாய் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்கும் பெயரோடு தனியாக எழுத்து! அதே மகேந்திரன் பாறையைக் குடைந்து கடவுளருக்குக் கோயில் எடுத்த காலம். அவன் பெயரைப் போட்டு ஒரு நாயைக் கல்லிலே ஏற்றியிருக்கிறான் ஒரு பெயர் தெரியாத தச்சன். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது. பட்டிமன்றத்துக்காரனுக்கே பேச்சு வராதுன்னா பாத்துக்கோங்க. (சிரிப்பு, கைதட்டல்)

இலக்கியம் என்ன சொல்கிறது? தொல்காப்பியம் கல் நடுவதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. வாழ்த்துவது கடைசிப் படி. முதல் படி கல்லைத் தேடிப் பார்ப்பது. புறநானூற்றிலே மாங்குடி கிழார், நெல் தூவி வணங்க எங்களுக்கு நடுகல்லைத் தவிர வேறு கடவுளே இல்லை என்கிறார். இதே தகடூரை ஆண்ட அதியமான் செத்தபோது ஔவையார் என்ன செய்தார்? அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்திலே கள் வார்ப்பதைப் பார்த்து, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று அழுகிறார். மற்றவர்களுக்கு அது படையல். அந்த அம்மாவுக்கு அது நண்பனின் நினைவு.

சிற்பி என்ன செய்தான் என்று கவனியுங்க. செத்தவனைத்தான் செதுக்குகிறான், ஆனால் படுக்க வைத்துச் செதுக்கவில்லை. கால் அகட்டி ஓடுகிறான் அவன். இன்னும் சாகவில்லை! காலடியிலே ஒரு கெண்டி, ஒரு சிமிழ். போன உயிருக்குத் தாகம் எடுக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பிற்காலத்திலே, கன்னட நாட்டுத் தாக்கத்தாலே, அடுக்கு அடுக்காக வந்தது. கீழே சண்டை, நடுவிலே தேவமகளிர் அவனைத் தூக்கிப் போகிறார்கள், மேலே லிங்கத்துக்குப் பக்கத்திலே அவன் உட்கார்ந்திருக்கிறான். 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரிப் பக்கம் இவை நிறைய. அழகுதான். எனக்கென்னவோ அந்தப் பழைய ஒற்றை ஆள்தான் பிடிக்கிறான்; அவனுக்குச் சொர்க்கம் காட்டி ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதிரணிக்கு நானே ஓர் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிலே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இந்த உருவக் கற்களைவிடப் பல நூற்றாண்டு பழையவை. அதிலே உருவம் கிடையாது, எழுத்து மட்டும்தான். "பார்த்தீங்களா, சிற்பம் வருமுன்னே வணக்கம் வந்துவிட்டது" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான வாதம். இன்னொன்றும் தருகிறேன். சாமி என்று கும்பிட்டதாலேதான் பல கற்கள் தப்பின. கும்பிட ஆளில்லாத கற்களில் துணி துவைக்கப் போனவையும் உண்டு, வாய்க்காலுக்குப் பாலமாகப் போனவையும் உண்டு.

ஆனால் கும்பிட்ட கல்லுக்கு என்ன ஆச்சு? எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மூடிப்போச்சு. மூடாவிட்டாலும் வட்டெழுத்தை ஊரிலே யார் படிப்பது? அவன் யார் மகன், எந்த மாட்டுக்காகச் செத்தான், எல்லாம் போச்சு. சொந்தப் பெயரும் போச்சு. மிஞ்சியது அந்தத் தச்சன் செதுக்கின உருவம். அந்த வில்லைப் பார்த்துத்தானே ஒரு தாய் "அப்பா, என் பிள்ளையைக் காப்பாத்து" என்று இன்றைக்கும் கேட்கிறாள்?

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்துடுறேன். அந்த எடுத்தனூர் நாயை எந்த ஆகமம் செதுக்கச் சொன்னது? எதிரணித் தலைவர் எழுந்து வந்து அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.