பாலபுஷ்கா தொடங்கிய இடம்

பூல் கியூ செய்யப் பழக வேண்டும் என்று என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி ஏறும் அந்த நான்கு கூர்முனைகளை எப்படி இழைப்பது என்றுதான். நான் அவர்களுக்கு ஜார்ஜ் பாலபுஷ்காவைப் பற்றிச் சொல்வேன்.

1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். நியூயார்க்கில் மரவேலைதான் பிழைப்பு. 1959-இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து புரூக்ளினில் பூல் கூடம் ஒன்றை வாங்கினார். பொழுதுபோக்காகக் கியூக்களைப் பழுதுபார்த்தார்; அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் சிலருக்குத் தானே கியூ செய்து பரிசளித்தார். 1975-இல் இறக்கும்வரை அவர் செய்து முடித்தவை ஆயிரத்துச் சொச்சம் இருக்கும் என்பது கணிப்பு. கியூ உலகின் ஸ்ட்ராடிவாரியஸ் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்படுவதுகூட, அவர் பாணியில் ஜாஸ் நிறுவனம் செய்த கியூதான்.

அப்படிப்பட்டவர் அந்தக் கூர்முனைகளைப் பெரும்பாலும் தானே செய்யவில்லை. பூல் கூடங்களுக்காக பிரன்ஸ்விக் நிறுவனம் தயாரித்த டைட்லிஸ்ட் என்ற ஒற்றைத்துண்டுக் கியூதான் அவருடைய தொடக்கக் கச்சாப்பொருள். மேப்பிளும் கருமரமும் ஒன்றுக்குள் ஒன்று ஏறிப் பிணைந்த அந்த அடிப்பாகம் அதில் தயாராக இருந்தது. அதை அறுத்து, எஃகு இணைப்பு வைத்து, புதுத் தண்டு கடைந்து, பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றினார். பின்னாளில் 1966 முதல் பர்ட்டன் ஸ்பெயின் என்ற கியூ தயாரிப்பாளரிடமும், 1971 முதல் கஸ் ஸாம்போட்டி என்ற இன்னொருவரிடமும் பாலபுஷ்கா அடிப்பாகங்களை வாங்கினார். இதில் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அவர் உழைப்பெல்லாம் நேர்த்தியிலும் எடைச் சமநிலையிலும் இருந்தது. என் கணக்கில் கியூவின் உயிர் தண்டில்தான். நுனியில் ஏறத்தாழ 13 மி.மீ. கனம் வரும் அந்த மேப்பிள் தண்டை ஒரே மூச்சில் கடைந்தால் வளைந்துவிடும். மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் மேல்தோல் போனதும் அவிழ்கிறது. அதனால் லேத்தில் கொஞ்சமாகச் சீவி, வாரக்கணக்கில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மறுபடி சீவ வேண்டும். நடுவில் கோணியதைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் பொறுமைக்குக் குறுக்குவழி கிடையாது. நுனித்தோல் வேலை பிறகுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மிங்கோ தோல்நுனியைப் பயன்படுத்திக் காட்டிய பிறகே, பந்தைச் சுழலவிட்டு அடிப்பது ஆட்டக்காரரின் கைக்கு வசப்பட்டது.

ஆகவே, புதிதாக வருகிறவர்களே, கூர்முனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பூல் கூடத்தில் கழித்துப்போட்ட ஒற்றைத்துண்டுக் கியூ ஒன்றை வாங்குங்கள். மேசைமேல் உருட்டிப் பார்த்து நேரானதாகத் தேர்ந்தெடுங்கள். அதை அறுத்து, இணைப்புப் போடுவதிலிருந்து தொடங்குங்கள்.