கூத்தைக் கெடுத்தவர்கள்

"கூத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்."

இந்த வாசகத்தை நான் முதன்முதலாகக் கேட்டது 1960களில், வலிகாமம் வடக்கிலுள்ள ஒரு கோயிலின் வீதியில். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' தொடங்கவிருந்த இரவு அது. ஆர்மோனியப் பெட்டி சுருதி கூட்டியதும், எனக்குப் பக்கத்தில் ஓலைப்பாயில் இருந்த அம்மாவின் பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு அவ்வாறு சொன்னார். அவருக்குக் கூத்து என்றால் வட்டக்களரி, மத்தளம், சல்லரி, அண்ணாவியார், விடிய விடிய ஆட்டம். பெட்டி வைத்துப் பாடுவது கூத்தல்ல, 'டிறாமா'. அதைச் சொன்ன மனிதர் இடையில் எழுந்து போகவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பியபோது அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

அவருடைய கோபத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் கொட்டகை போட்டு ஆடின. பார்சி நாடக மரபிலிருந்து பெற்ற திரைச்சீலைகளும் 'சீன்'களும் அவர்களோடு வந்தன. ஆர்மோனியமும் அப்படித்தான் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பவளக்கொடியும் வள்ளி திருமணமும் எங்கள் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. உள்ளூர்க் கலைஞர்கள் அதைப் பழகித் தமதாக்கினார்கள். 'கொட்டகைக்கூத்து' என்ற பெயர் அப்படி வந்தது. இன்று அறிஞர்கள் மரியாதையாக 'இசை நாடகம்' என்கிறார்கள். கர்நாடக இராக மெட்டுகள் முன்னுக்கு வர, ஆட்டம் பின்தங்கியது. பல சைவக் கிராமங்களில் பழைய கூத்து மெல்ல ஒதுங்கியது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கத்தோலிக்கக் கரையோரங்களிலும், வட்டுக்கோட்டை போன்ற சில இடங்களிலும் அது தாக்குப்பிடித்தது.

மூன்றாவது கட்சி ஒன்றும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரை முன்மாதிரியாகக் கொண்டு, 1910களில் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) போன்றோர் சபைகள் அமைத்து நாடகம் போட்டார்கள். படித்தவர்களின் நாடகம் அது. அதன் பார்வையாளர் பலருக்குக் கூத்தும் தாழ்ந்தது, கொட்டகையும் தாழ்ந்தது. ஆக, கூத்துக்காரர் கொட்டகைக்காரரைப் பழித்தார்கள்; சபைக்காரர் இருவரையும் பழித்தார்கள். கூத்திலும் கொட்டகையிலும் ஆடியவர்களில் பலர் பகலில் கைத்தொழிலும் கூலிவேலையும் செய்தவர்கள். பழித்தவர்களில் பலர் அப்படியல்லர். எங்கள் சமூகத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கலைத்தூய்மை பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

பெட்டியின் கதையே தனி. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. நமது இசையின் கமகங்களுக்கு அதன் நிலைத்த சுரங்கள் ஒத்துவரா என்பது வாதம். 1971இல்தான் தடை தளர்ந்தது. அத்தனை காலமும் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் அந்த விலக்கப்பட்ட பெட்டியே அரிச்சந்திரனுக்குச் சுருதி கொடுத்தது.

1924இல் காங்கேசன்துறையில் பிறந்த வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் அரிச்சந்திரன் கதையின் சுடலைப் பகுதியை மட்டும் தனி நாடகமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் மேடையேற்றினர் என்பார்கள். நீண்ட கதையின் கடைசித் துண்டு அது. முழுமை கெட்டது என்று சொல்லலாம். ஆனால், அந்தத் துண்டுக்காகவே ஊர்கள் காத்திருந்தன.

1966 மே 17 அன்று மான்செஸ்டரில் பாப் டிலன் மின்கித்தாரோடு பாடியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். நாட்டார் பாடலை விற்றுவிட்டான் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ அதே காலத்தில் பேராதனையில் எங்கள் தெல்லிப்பழைக்காரரான பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' என்று கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சரச்சந்திரவின் 'மனமே' (1956) சிங்கள நாடகமவிலிருந்து பிறந்தது. அந்த நாடகமவின் வேரோ தமிழ்க் கூத்தில் இருந்தது. அதைக் கண்ட உந்துதலும் அவருக்கு உண்டு. மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டே பழக்கினார். விடிய விடிய ஆடியது சில மணி நேரமாயிற்று; வட்டக்களரி ஒருபக்க மேடையாயிற்று. கூத்தை வெட்டிவிட்டார் என்ற முணுமுணுப்பு அவருக்கும் தப்பவில்லை. நான் அவர் பக்கம். ஆனால் ஒரு குறை எனக்குண்டு. பல்கலைக்கழகம் தொட்ட பிறகுதான் கூத்துக்குக் கௌரவம் என்ற எண்ணமும் அதோடு பரவியது. கொட்டகைக்காரருக்கு அந்தக் கௌரவம் கிடைக்க மேலும் பல காலம் பிடித்தது.

அந்தத் தாமதத்தில் எனக்கும் சிறு பங்குண்டு. 1970களில், பத்திரிகைத் தொழிலில் புதியவனாக இருந்தபோது, ஒரு சிறு குழுவின் நாடகத்தில் சினிமா மெட்டு நுழைந்துவிட்டதென்று காரசாரமாக எழுதினேன். 'விலைபோன கலை' என்று தலைப்பிட்டதாக நினைவு. இரண்டு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் அக்குழுவின் பெட்டிக்காரர் என்னருகே வந்து அமர்ந்தார். கோபமில்லை. "தம்பி, நீங்கள் எழுதினது சரிதான். ஆனா அந்தப் பாட்டு இல்லாட்டி எங்களை ஆர் கூப்பிடுவினம்? நாலு திருவிழா குறைஞ்சா நாலு மாசம் அரிசி இல்லை," என்றார். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு அவர்களுக்கு எத்தனை திருவிழா குறைந்தது என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வைரமுத்து 1989இல் மறைந்தார். மறு ஆண்டே போர் காங்கேசன்துறையையும் சுற்றுவட்டத்தையும் காலி செய்தது. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல்லாண்டுகள் மூடிக் கிடந்தது. நாடகம் பார்த்த சனம் ஏதிலிகளாய் உலகெங்கும் சிதறியது.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவில் ஒரு மண்டபத்தில் மயான காண்டம் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம். பெட்டிக்குப் பதில் மின்விசைப் பலகை வைத்திருந்தார்கள். வாசித்த பையனுக்குப் பதினேழு வயதிருக்கும்; நன்றாகவே வாசித்தான். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பெட்டி இல்லாமல் என்ன மயான காண்டம்? கெடுத்துப்போட்டாங்கள்."

சந்திரமதி புலம்பத் தொடங்கியதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மண்டபத்தைப் பத்து மணிக்குள் ஒப்படைக்கவேண்டியிருந்ததால், பெட்டியா பலகையா என்ற வாக்குவாதம் பனிக்குளிரில் வாகனத் தரிப்பிடத்தில் தொடர்ந்தது. பையனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.