கல்லின் முதுகில் இரண்டு பெயர்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரில் ரியோன்ஜி என்ற புத்தக் கோயில் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத் திண்ணையில் உட்காருகிறார்கள். எதிரே வெள்ளைச் சரளை, அதில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். இதற்கான ஜென் தத்துவ விளக்கத்தை எந்த வழிகாட்டியும் சொல்வார். நாம் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கற்களைத் தூக்கி நிறுத்தியது யார்?

ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை கவாராமோனோக்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கவாராமோனோ என்றால் ஆற்றங்கரை ஆட்கள். காமோ ஆற்றோரம், வரியில்லாத புறம்போக்கில் குடியிருந்தவர்கள். செத்த மாட்டைத் தோலுரித்தார்கள், கிணறு வெட்டினார்கள், மண் சுமந்தார்கள். சாவைத் தொட்டால் தீட்டு என்றது ஷிண்டோ. உயிரைக் கொல்வது பாவம் என்றது அங்கே வேரூன்றிய பௌத்தம். இரண்டும் சேர்ந்து இவர்களை ஒதுக்கி வைத்தன. பௌத்தத்தை விடுதலையின் வழியாகப் பார்க்கும் நமக்கு இது கசக்கும். கசந்தாலும் படிக்கத்தான் வேண்டும்.

மண் சுமந்த கைகளே தோட்டக் கலையிலும் தேர்ந்தன. 15ஆம் நூற்றாண்டில் ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவின் தலைசிறந்த தோட்டக் கலைஞர் ஜென்னாமி ஒரு கவாராமோனோ. அவர் நோயுற்றபோது ஷோகனே மருந்து அனுப்பினார். ஆனால் அந்த மதிப்பு குடும்பத்தின் இழிவைத் துடைக்கவில்லை. ஜென்னாமியின் பேரன் மதாஷிரோவும் தோட்டக் கலைஞர்தான். இப்படியொரு குடும்பத்தில் பிறந்ததற்கு வருந்துவதாகவும், அதனால் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் அவர் சொன்னதை 1489இல் ஒரு துறவி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

நாடகத்தின் கதையும் இதேதான். இன்று உயர்கலை என்று போற்றப்படும் நோ நாடகத்தை வளர்த்தவர் ஜெயாமி. 1378இல் கியோன் திருவிழாவின்போது ஷோகன் யோஷிமிட்சு சிறுவன் ஜெயாமியைத் தன்னருகே உட்கார வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக் கொதித்த ஒரு பிரபு, இந்தக் கூத்து பிச்சைக்காரர் தொழில் என்று நாட்குறிப்பில் எழுதினார். பின்னாளில் கபுகி நடிகர்களை 'ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள்' என்று ஏசினார்கள். கலை வேண்டும், கலைஞனின் பிறப்பு மட்டும் உறுத்தும். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல.

1871இல் அரசு ஓர் ஆணை போட்டு இந்த இழிவுப் பட்டங்களை ஒழித்தது. பட்டம் போனது, புறக்கணிப்பு போகவில்லை. புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கி, வேலைக்கு வருகிறவர்களின் பிறப்பைத் துப்பறிந்தது 1975இல் அம்பலமானது.

ஆணைக்காகக் காத்திருந்து பயனில்லை என்பதை அந்த மக்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1922 மார்ச் 3 அன்று, அதே கியோட்டோவில், சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். தங்களை ஏசப் பயன்பட்ட சொல்லையே எடுத்து, அப்படிப் பிறந்ததில் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று பிரகடனம் செய்தார்கள். மதாஷிரோ பிறப்புக்காக வருந்திய ஊரில் இந்தக் குரல் எழ 433 ஆண்டுகள் ஆயின.

தோழர்களே, அழகான தோட்டத்தை ரசிப்பதில் தவறில்லை. ரசித்த பிறகு, அந்தக் கல்லின் பின்புறம் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். ஜப்பானில் மட்டுமல்ல, போகிற இடமெல்லாம் கேளுங்கள்.