கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள்

நூறு வருடங்களுக்கு முன்பு மூணாறு மலைத் தேயிலை தேனிப் பக்கமாகத்தான் கீழே இறங்கியது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு, சரக்கை மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-இல் அந்த இடத்தில் நீராவி எஞ்சின் ஓடும் இரண்டடி அகல ரயில் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து இரும்பு வடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கே மாட்டு வண்டியேறிப் போடிநாயக்கனூர் சேர்ந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறின.

1924 வெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான்.

ரயில், வடம், வண்டி, கப்பல் என்று மாறி மாறிப் போகும் சரக்கில் வெறும் பெட்டியின் எடையும் பாரம்தான். கனத்த பலகைப் பெட்டிக்கு மாற்றாகத் தேயிலை உலகம் ப்ளைவுட்டைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். மரத்தைச் சுழலவிட்டுத் தாளாக உரித்து, ஒன்றின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலுமாக மூன்றை ஒட்டினால், மெல்லிய பலகையும் பிளக்காது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்தோனியாவின் லூதர் ஆலைப் பலகைகளை லண்டனின் வெனெஸ்டா நிறுவனம் இதற்காகவே விற்றது. பெட்டியின் விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே ஈயத் தாள்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடும் எடையைக் குறைக்கும் இதே கணக்கில் பிறந்ததுதான். 1930-களில் அமெரிக்காவில் துளி வடிவ டிரெய்லர்கள் பரவின. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. வீட்டிலேயே செய்துகொள்ள 1947-இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் வரைபடம் வெளியிட்டது.

அந்தச் சமையல் மேடையின் எடையைப் பார்ப்போம். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. 12 மி.மீ. ப்ளைவுட் சுமார் 7 கிலோ. இடைவெளி விட்டு 20 மி.மீ. மரச்சட்டங்களை வைத்து, மேலும் கீழும் 3 மி.மீ. ப்ளைவுட் ஒட்டினால் ஐந்து கிலோ அளவில் முடியும். இரண்டு ப்ளைவுட் தோலும் விலகி நிற்பதால் வளையவும் வளையாது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இப்படித்தான்: இருபுறமும் ப்ளைவுட், நடுவில் பால்சா மரம்.

பால்சாவின் உறவுக்கார மரம் தேனி மாவட்டத்திலேயே நிற்கிறது. போடி, குரங்கணி, வருசநாட்டுச் சரிவுகளின் இலவ மரம், தேக்கில் ஏறக்குறைய பாதி எடைதான். ஆணியைப் பிடித்து நிற்காது. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும். ஆகவே நன்றாக உலர்த்தி, மருந்தடித்து, திருகு ஏறும் இடங்களில் மட்டும் கெட்டி மரம் வைக்க வேண்டும். போடியில் இதுவரை இலவங்காய்க்கும் பஞ்சுக்கும்தான் மவுசு. வேனிலும் டிரெய்லரிலும் சமையல் மேடை கட்டும் தேனித் தச்சர்கள் அந்த மரத்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.