தானுந்துப் பொறியில் குளிர்நீர்ம இழப்பு

தானுந்துப் பொறியில் குளிர்நீர்ம இழப்பு என்பது, வெளிப்படையான கசிவு தென்படாத நிலையிலும் பொறியைக் குளிர்விக்கும் நீர்மம் (கூலன்ட்) மீண்டும் மீண்டும் குறைவதாகும். குளிர்விப்புச் சுற்று மூடிய சுற்று ஆகும். நல்ல நிலையிலுள்ள பொறியில் நீர்ம மட்டம் பல மாதங்களுக்குப் பெரிதும் மாறாது. எனவே குறைந்த நீர்மம் ஏதேனும் ஒரு வழியே வெளியேறியிருக்க வேண்டும். அவ்வழியைக் கண்டறியாமல் நீரை மட்டும் நிரப்பிவந்தால், பொறி அளவுமீறிச் சூடேறி சிலிண்டர் ஹெட் வளையக்கூடும்.

குளிர்விப்புச் சுற்று

நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த நீர்மத்தை வாட்டர் பம்ப் பொறியினுள் செலுத்துகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியசை அடைந்ததும் தெர்மோஸ்டாட் திறக்கிறது. நீர்மம் ரேடியேட்டருக்குச் சென்று குளிர்ந்து திரும்புகிறது. மூடியிலுள்ள வால்வு, சுற்றில் ஏறத்தாழ 1 பார் மிகையழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. இவ்வழுத்தத்தில் தூய நீரே ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அழுத்தம் நில்லாமல் நீர்மம் வழிந்தோ ஆவியாகியோ வெளியேறும்.

விழுப்புரம் - திண்டிவனம் சாலையில்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கி.மீ. ஆகும். இந்நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது மின்விசிறி மட்டுமே அப்பணியைச் செய்கிறது. பாஸ்டேக் 2021 பெப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட பின்னரும் பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் இங்கு நெரிசல் உண்டு. மே மாத அக்கினி நட்சத்திர வெயிலும் சேரும்போது, நெடுநாள் மறைந்திருந்த சிறு கசிவு முதன்முறையாக வெப்பமானி முள்ளின் ஏற்றமாக வெளிப்படலாம்.

கண்டறியும் முறை

1. பொறி முழுதும் ஆறிய பின், சேமிப்புக் கலத்தில் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடான நீர்மம் விரிவதால், ஆறிய நிலை அளவுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். காட்டாக, திண்டிவனத்தில் காலையில் குறித்து, விழுப்புரம் சென்று திரும்பி, மறுநாள் காலையில் ஒப்பிடலாம். அண்மையில் நீர்மம் மாற்றப்பட்டிருந்தால், உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதாலும் முதல் சில பயணங்களில் மட்டம் குறையும். இது பழுது அன்று.
2. இரவில் வண்டியின் அடியில் அட்டை விரித்து வைக்கலாம். நிறமும் மணமும் அற்ற நீர், குளிர்சாதனத்திலிருந்து வடிவது. நிறமும் வழவழப்பும் உடையது குளிர்நீர்மம்.
3. சூடான பாகத்தின் மீது கசியும் நீர்மம் தரையை எட்டுமுன் ஆவியாகிவிடும். ஆனால் வெள்ளை அல்லது வண்ணப் படிவு எஞ்சும். ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்பின் அடித்துளை, ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள் ஆகியவற்றில் இதனைத் தேட வேண்டும்.
4. முன்னிருக்கையின் கால்பகுதியில் ஈரமும் இனிப்பு மணமும் இருந்தால் ஹீட்டர் கசிகிறது எனக் கொள்ளலாம். ஹீட்டரைப் பயன்படுத்தாத வண்டிகளிலும் இது நிகழும்.
5. ஆறிய பொறியில், கைப்பம்பினால் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை ஏற்றி, 10 முதல் 15 நிமிடங்கள் கவனிக்க வேண்டும். அழுத்தம் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையெனில் கசிவு உட்புறத்தில் இருக்கலாம். மூடியைத் தனியே சோதிக்க வேண்டும்.
6. உட்கசிவுக்குப் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் காரணமாகும். வெண்புகை நிற்காமை, எண்ணெய் பால்போலாதல், ரேடியேட்டரில் குமிழ்கள் எழுதல் ஆகியன இதன் அறிகுறிகள். எரிவாயுவைக் கண்டறியும் நீலநிறச் சோதனை நீர்மம், கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாக மாறும். டீசல் பொறிகளில் புகை மறுசுழற்சிக் குளிர்விப்பானையும் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

சூடான பொறியின் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தம் நீங்கியதும் நீர்மம் சட்டெனக் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். வழியில் முள் ஏறினால் குளிர்சாதனத்தை அணைத்து, வண்டியை ஓரம் நிறுத்திப் பொறியை அணைத்து, முழுதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் ரேடியேட்டர் குழல்களில் சுண்ணப்படிவு உண்டாகும். அவசரத்திற்கு ஊற்றியிருந்தால் பின்னர் அதனை வடித்து, வாலைவடிநீர் கலந்த உரிய நீர்மத்தை நிரப்புவது நன்று. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு; வடித்த நீர்மத்தைக் குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாதபடி வைக்க வேண்டும்.